பிரேமலதாவின் குழாய்த் திருப்புளி

கொக்கிரகுளத்தில் ஆற்றுப்பக்கம் இறங்கும் சந்தில், மூன்றாவது வீட்டுக் கம்பிக்கதவில் 'நடராஜ் டைவிங் சர்வீஸ்' என்று ஒரு பலகை கட்டியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கிணற்றில் விழுந்த வாளியை எடுத்துத் தருவார்களா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு. களக்காட்டிலிருந்து ஒருவர் தோட்டத்து நீர்மூழ்கி மோட்டாரையே ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். பிரேமலதா அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். இங்கே தண்ணீருக்குள் கிடக்கிற மோட்டாரைப் பார்ப்பதில்லை, தண்ணீருக்குள் போகிற ஆளுக்கு வேண்டியதைத்தான் பார்க்கிறோம் என்று விளக்கினாள். அவர் மோரைக் குடித்துமுடித்து, "ஆளு ரிப்பேர் ஆனா ஆஸ்பத்திரிக்கில்லா போவான்" என்று சொல்லிவிட்டு மோட்டாரோடு திரும்பிப் போனார்.

அவருக்குப் புரியாததில் தப்பில்லை. அந்தச் சந்தில் பாதிப் பேருக்கு இன்னும் புரியவில்லை. முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குகிறவர்கள் வாயில் கவ்விக்கொள்கிற ஒரு சாமான் உண்டு. ரெகுலேட்டர் என்பார்கள். அதற்குள் காற்று வரும் சின்னக் குழாயின் வாயை ஒரு ரப்பர் துண்டு அடைத்துக்கொண்டிருக்கும். மூச்சை இழுத்தால் ரப்பர் விலகிக் காற்று வரும், விட்டால் மூடிக்கொள்ளும். குழாய் வாய் ரப்பரை அதிகமாக நெருக்கினால், மூச்சு இழுப்பது கெட்டித் தயிரை மெல்லிய குழாயில் உறிஞ்சுவது போல ஆகிவிடும். அதிகமாக விலகினால், யாரும் இழுக்காமலே காற்று சீறிக்கொண்டே இருக்கும். பாதிக் கடலில் உருளை காலி. இரண்டுக்கும் நடுவில் ஒரு மயிரிழை இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அந்த வீட்டின் தொழில்.

அதற்கென்று ஒரு கருவி. உள்ளங்கை நீளத்துக்கு எஃகு. ஒரு முனை காற்றுக் குழாயோடும் மறு முனை வாய்ச்சாமானோடும் பொருந்தும். பின்னால் ஒரு குமிழ். குமிழை உள்ளே தள்ளினால் நகத்தளவுத் தகடு ஒன்று போய்க் குழாய் வாயில் இருக்கும் வெட்டில் உட்காரும். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போதே திருப்பிப் பார்க்கலாம். அதை மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த நடராஜ் அதன் இங்கிலீஷ் பெயரை முழுசாகச் சொல்லுவார். பிரேமலதா குழாய்த் திருப்புளி என்பாள்.

நடராஜ் இருபத்தொரு வருஷம் மஸ்கட்டில் கடலுக்குள் மூழ்கிக் கப்பல் அடிவயிற்றைச் சுரண்டியவர். ஒன்பது வருஷத்துக்கு முன் ஒரு கருவிப் பெட்டியும் பாதி போன காதுமாக ஊர் வந்து சேர்ந்தார். பெட்டியைப் பற்றி எல்லோரிடமும் சொன்னார். காதைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. ஊரில்தான் எல்லோரும் வாய்க்குள்ளேயே பேசுகிறார்கள் என்பது அவர் கட்சி. மெல்லிய சத்தம் எதுவும் அவருக்குக் கிடையாது. கொசு கிடையாது, பால் பொங்குகிற சத்தம் கிடையாது, ரெகுலேட்டரின் சீறல் கிடையாது. தொழிலோ அந்தச் சீறல் எங்கே நிற்கிறது என்று கேட்பதில்தான் இருக்கிறது.

பிரேமலதா ஸ்ரீவைகுண்டத்துப் பெண். வாழைத் தோட்டத்தில், குலையைத் தட்டிப் பார்த்தே முற்றல் சொல்லுகிற வீட்டில் வளர்ந்தவள். முதல் மூன்று வருஷம் அவள் வேலை டார்ச் பிடிப்பது. கணவர் சீறல் நின்ற பிறகும் திருப்பிக்கொண்டே போவதையோ, நிற்பதற்கு முன்பே விட்டுவிடுவதையோ பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் தூத்துக்குடியிலிருந்து மகாராஜா என்ற முங்காளி தன் ரெகுலேட்டரைத் திரும்பக் கொண்டுவந்தான். கடலில் முங்கிச் சங்கு எடுப்பவன், ஞாயிற்றுக்கிழமை பாபநாசத்துக்குப் போய்ப் பரிகாரத்துக்கு வந்தவர்கள் ஆற்றில் விட்டுப் போகிற வேட்டி சேலைகளைக் கூட்டத்தோடு மூழ்கி அள்ளுகிறவன். தண்ணீருக்குள் ஓயாமல் காற்று கொட்டுகிறது என்றான். நடராஜ் மறுபடி திருகி மேஜைமேல் வைத்துவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தார். பிரேமலதா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, குழாய்த் திருப்புளியை மாட்டினாள். இத்தனை நாள் டார்ச் பிடித்துப் பார்த்ததைத் தன் காதால் ஒருமுறை செய்து பார்த்தாள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் மகாராஜா போனில் அண்ணாச்சி கையைப் புகழ்ந்தான். நடராஜ் புகழை வாங்கிக்கொண்டார். பிரேமலதாவைப் பார்க்கவில்லை. சாயங்காலம் வழக்கத்தைவிட ஒரு முழம் கூடுதலாகப் பூ வந்தது.

அதிலிருந்து ஆறு வருஷமாக அந்த வீட்டில் ஒரு நடைமுறை. காலையில் அவர் சரிசெய்வார். பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டுப் படுப்பார். ஒரு மணிக்கு அவள் எல்லாவற்றையும் திரும்பச் சரிசெய்வாள். மூன்றரைக்கு அவர் எழுந்து, எடுத்துப் பார்த்து, 'பரவால்ல' என்று துணிப்பையில் போடுவார். இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

வேலை பழகிவிட்டால் விளையாட்டும் பழகிவிடும். ஆளைப் பார்த்து அளவு வைக்க ஆரம்பித்தாள் பிரேமலதா. பயந்த சுபாவக்காரர்களுக்கு மூச்சு பட்டுப்போல வரும்படி வைத்தாள். மகாராஜா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச்சை ஆரம்பித்து, மாட்டும்போதும் முடிக்காதவன். அவனுக்கு மட்டும், அனுமதித்த அளவுக்குள்ளேயே, ஒரு இம்மி இறுக்கி வைத்தாள். அடுத்த தடவை வந்தவன், "என்னன்னு தெரியல மைனி, இப்பல்லாம் தண்ணியவிட்டு ஏறினா பேசவே தோண மாட்டேங்கு" என்றான். உடம்புக்கு நல்லதுதான் என்று சொல்லி அவனுக்குக் காப்பி கொடுத்தாள்.

இந்த வருஷம் ஆடியில் கொச்சிக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரப்பர், ஸ்பிரிங், மற்ற உதிரிச் சாமான் எல்லாம் இனிமேல் கம்பெனி ஒப்புக்கொண்ட ஆட்களுக்கு மட்டும்தான். கம்பெனி ஆள் நேரில் வந்து, கண் முன்னால் சரிசெய்யச் சொல்லிப் பார்ப்பார். தேறினால் சான்றிதழ். ஓர் இடத்துக்கு ஒரு பெயர். தேறாத இடத்துக்குச் சாமான் கிடையாது. சாமான் இல்லை என்றால் வேலை அத்தனையும் கொச்சிக்குத்தான் போகும்.

பிரேமலதா கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். பிறகு, தோசைக்கு மாவு ஊற்றிக்கொண்டே, விண்ணப்பத்தில் தன் பெயரைப் போட்டால் என்ன என்று கேட்டாள். மெல்லக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நடராஜ் சட்னியைத் தொட்டுக்கொண்டு யோசித்தார். பொம்பளை பெயரைப் பார்த்தால் எந்த முங்காளி தன் உயிரைக் கொண்டுவந்து கொடுப்பான் என்றார். ஆறு வருஷமாக யார் கையில் கொடுக்கிறார்கள் என்று அவள் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஆறு வருஷ நடைமுறை அந்தத் தோசைக்கல் முன்னாலேயே உடைந்துபோயிருக்கும். அடுத்த தோசையை ஒரு பக்கம் கருகவிட்டுத் தட்டில் போட்டாள். விண்ணப்பம் நடராஜ் பெயரில் போனது.

கம்பெனி ஆளின் பெயர் லக்ஷ்மிநாராயணன். சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. நவராத்திரி லீவுக்கு வீட்டுக்கு வருவதாகவும், விஜயதசமி காலையில் திருநெல்வேலி வந்து சோதனையை முடித்துவிடுவதாகவும் எழுதியிருந்தார். நல்ல நாள் அமைந்ததில் நடராஜுக்குப் பரம சந்தோஷம். ஆனால் நாள் நெருங்க நெருங்க, மனிதர் மூன்றரைக்கு எழுந்த பிறகும் மேஜைப் பக்கம் போகாமல் சுற்றிச் சுற்றி வந்தார். சரஸ்வதி பூஜைக்கு முதல் நாள் சமையலறை வாசலில் வந்து நின்றுகொண்டு, பூச்செடியைப் பற்றி ஏதோ சொல்லி, தண்ணீர்க் குழாயைப் பற்றி ஏதோ சொல்லி, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"ஏளா, அன்னைக்கு நீ இந்த நெலைகிட்ட கரண்டியோட நில்லு. காத்து நின்னுச்சுன்னா பைய ஒரு தட்டு தட்டு. தட்டு எனக்குக் கேக்கும்."

"நிக்கலைன்னா?"

"நிக்கலைன்னா தட்டாத."

இதில் தன் காதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை என்பதைக் கவனித்தாள். "தட்டுதேன்" என்றாள்.

மறுநாள் சரஸ்வதி பூஜை. முன்னறையில் பலகை போட்டு வாழையிலை விரித்துக் கருவிகள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினார்கள். காற்று உருளைக்கு மூன்று பட்டைச் சந்தனமும் ஒரு சின்ன மாலையும். ஸ்கூட்டருக்கு வாழைக்கன்று. நடராஜுக்குச் சந்தனத்தில் கை தாராளம். கல்லில் தானே அரைத்து, வழித்து, ஒவ்வொரு கருவிக்கும் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துக்கொண்டே போனார். குழாய்த் திருப்புளி நாளைக்கு முக்கியமான ஆள் என்பதால் அதற்கு இரட்டிப்பு மரியாதை. குமிழை உள்ளே தள்ளித் தகட்டை வெளியே வரவைத்து, அதன் நுனிக்கே சந்தனம் குங்குமம் சாத்தினார்.

பிரேமலதா சுண்டலை ஒரு கிண்ணத்தில் போட்டுப் பக்கத்து வீட்டு மைதீன் பாத்திமாவுக்குச் சுவருக்கு மேல் நீட்டினாள். பாத்திமா ரவிக்கை தைக்கிறவள். அவள் மிஷின் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. இந்த வீட்டில் மத்தியானம் ஒரு மணிக்கு நடப்பது இந்த வீட்டு ஆம்பிளைக்குத் தெரியுமோ என்னவோ, அவளுக்குத் தெரியும்.

"நாளைக்குப் பரீட்சை யாருக்கு, ஒம் மாப்பிள்ளைக்கா ஒனக்கா?" என்று கேட்டாள்.

"அவியளுக்குத்தான். நான் கரண்டி."

பாத்திமா சுண்டலை மென்றுகொண்டே அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். உப்பு சரியாக இருக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

விஜயதசமி காலையில் பிரேமலதா குளித்து, விளக்கேற்றி, கற்பூரம் காட்டிப் பலகையை வடக்கே கொஞ்சம் நகர்த்திவைத்தாள். இனிக் கருவிகளை எடுக்கலாம். குழாய்த் திருப்புளி நடுநாயகமாகக் கிடந்தது. ராத்திரிக் காற்றில் சந்தனம் காய்ந்து வடகம் மாதிரி இறுகியிருந்தது. தகட்டின் விளிம்பே தெரியவில்லை. இந்தத் தடிமனோடு அது குழாய் வாயின் வெட்டில் உட்காராது. வெறுமனே வழுக்கிச் சுற்றும்.

தாலிச்சங்கிலியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றினாள். சுரண்டி எடுக்க இரண்டு நிமிஷம் போதும். போன வருஷமும் அவள்தான் எடுத்தாள். அதற்கு நடராஜ், பூஜையில் வைத்த சந்தனம் தானாக உதிர வேண்டும், துடைத்தால் தொழில் துடைத்துக்கொண்டு போகும் என்று இரண்டு நாள் முணுமுணுத்தார். ஊக்கைக் கையில் வைத்துக்கொண்டு பிரேமலதா அதை நினைத்துப் பார்த்தாள். வீட்டு ஆம்பிளை சொன்ன சொல்லை மீறுவானேன் என்று ஊக்கைத் திரும்பச் சங்கிலியில் மாட்டிக்கொண்டாள்.

அவள் கணக்கு பெரிய கணக்கொன்றும் இல்லை. தகடு பிடிக்காது, இவர் கொஞ்சம் திணறுவார், வேறு வழியில்லாமல் 'ஏளா, இங்க வந்து பாரு' என்று வந்தவர் முன்னால் கூப்பிடுவார். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அந்த ஒரு கூப்பிடல்.

லக்ஷ்மிநாராயணன் பத்து மணிக்குக் கரைவேட்டியும் வெள்ளைச் சட்டையுமாக வந்தார். நாற்பது நாற்பத்திரண்டு வயது. கையில் ஒரு பெட்டி. கோவிலுக்குப் போகிற வழியில் இதை முடித்துக்கொள்வதாகச் சொன்னார். மாலை போட்ட உருளையைப் பார்த்து அவருக்கு முகம் மலர்ந்தது. கொச்சியில் இதெல்லாம் பார்க்கக் கிடைக்காது என்றார். நடராஜ் பலகையிலிருந்து குழாய்த் திருப்புளியை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். முதல் வேலை இன்றைக்கு உங்கள் கையில் இருந்துதான் என்று ஒரு மரியாதை வேறு சொன்னார்.

பெட்டியிலிருந்து வேண்டுமென்றே தளர்த்திவைத்த ரெகுலேட்டர் ஒன்று வெளியே வந்தது. நடராஜ் அதையும் கருவியையும் குழாயில் மாட்டி உருளையைத் திறந்தார். சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தது போல ஒரு சீறல் எழுந்து அறையில் நின்றது. மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கேட்டது.

குமிழைத் தள்ளித் திருப்பினார். சமையலறை வாசலைப் பார்த்தார். பிரேமலதா கரண்டியோடு நின்றாள். சீறல் நிற்கவில்லை, அதனால் தட்டவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். பார்த்தார். தட்டு வரவில்லை. அவள் பேசிக்கொண்டபடியேதான் நின்றாள். குமிழ் சுற்றிக்கொண்டே இருந்தது. தகடு வெட்டின் தலைமேல் சந்தனத்தை அரைத்துக்கொண்டே இருந்தது. வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததில் அவர் இன்னொன்றையும் மறந்துபோனார். திருப்பும்போது முன்பக்கப் பொத்தானை அமுக்கிப் பிடிக்க வேண்டும். அமுக்கினால் ரப்பர் விலகி நிற்கும். அமுக்காவிட்டால் குழாயின் கூர்மையான வாய் ரப்பரில் பதிந்து வெட்டும். மஸ்கட்டில் புதிதாக வந்த பையன்களுக்கு அவரே திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம்.

ஆறாவது தடவை அவர் வாசலைப் பார்த்தபோது லக்ஷ்மிநாராயணனும் திரும்பிப் பார்த்தார். ஓர் அம்மாள் கரண்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பது தெரிந்தது.

"எனக்குக் காப்பி எதுவும் வேண்டாம்மா" என்றார்.

பிரேமலதா தலையை ஆட்டிவிட்டு அங்கேயே நின்றாள். வந்தவருக்குச் சங்கடமாகப் போய்விட்டது. வேண்டுமானால் அரை டம்ளர் என்றார்.

நடராஜுக்கு வேர்த்துவிட்டது. இவள் தட்ட மறந்துவிட்டாள் என்றே முடிவுகட்டினார். கூப்பிடுவார் என்று அவள் எதிர்பார்த்த இடம் அதுதான். மனிதர் கூப்பிடவில்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அறை முழுக்கச் சீறிக்கொண்டிருக்கிற ரெகுலேட்டரை நீட்டி, "முடிஞ்சுது சார். பட்டு மாதிரி இருக்கு" என்றார்.

லக்ஷ்மிநாராயணன் அவர் முகத்தைப் பார்த்தார். ரெகுலேட்டரைப் பார்த்தார். கேலி செய்கிற ஆளாகவும் தெரியவில்லை. சரி, என்னதான் என்று வாய்க்கு நேரே பிடித்துப் பொத்தானை முழுசாக அமுக்கினார்.

அதுவரை அரைத்துச் சேர்ந்த சந்தனமும், அதன் நடுவில் வைத்த குங்குமமும் ஒரே மூச்சில் வெளியே வந்தன. மீசையில் மஞ்சள். பல்லில் சிவப்பு. வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் தேரோட்டக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வந்தது போல ஆகிவிட்டது. இருமினார், தும்மினார், மறுபடி இருமினார். நடராஜ் கைகட்டி நின்றார். பூஜையில் வைத்தது என்று ஏதோ சொல்ல வந்து பாதியில் விட்டார்.

பின்பக்கக் குழாயடியில் வாய் கொப்பளித்துவிட்டு வந்த லக்ஷ்மிநாராயணன் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஈரமீசையோடு நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியிலிருந்து படிவத்தையும் பேனாவையும் எடுத்தார். ஒரு மனுஷன் நூறு அடி ஆழத்தில் வாயில் வைத்துக்கொள்கிற சாமான் இது என்று சொன்னார். காற்று கசிவது அறை முழுக்கக் கேட்கும்போது சரியாகிவிட்டது என்று சொல்கிற ஆளுக்குக் கம்பெனி எப்படிச் சாமான் கொடுக்கும் என்று, பாத்திரத்தில் ஒட்டியதைக் கழுவிவிடுகிற நிதானத்தோடு சொன்னார். பேனா மூடி திறந்தது.

பிரேமலதா பேனா முனையைப் பார்த்தாள். இவரைக் கொஞ்சம் திணறவைக்க நினைத்தாள். இப்போது வீட்டைவிட்டுத் தொழிலே எழுந்து போகப் பார்க்கிறது. அது போனால் நடராஜுக்குப் போவது பலகை. தனக்குப் போவது அந்த மத்தியானம். வெளியே வந்து கரண்டியை மேஜைமேல் வைத்தாள்.

"சார், எழுதுறதுக்கு முந்தி நான் ஒரு தடவ தொட்டுப் பாக்கட்டா?"

அவர் நிமிர்ந்தார். "நீங்களா?"

"அவளுக்கு இதெல்லாம்..." என்று ஆரம்பித்தார் நடராஜ்.

அவர்கள் இரண்டு பேரின் முடிவுக்கும் அவள் காத்திருக்கவில்லை. உருளையை மூடினாள். எல்லாவற்றையும் கழற்றினாள். அடுப்பிலிருந்து வெந்நீர் கொண்டுவந்து, இந்தத் தடவை ஊக்கைச் சங்கிலியிலிருந்து நிஜமாகவே எடுத்து, தகட்டின் இரண்டு பக்கமும் சுரண்டிக் கழுவினாள். நடராஜ் துடைக்க ஒரு துணியை நீட்டினார். துணி நூல் விடும் என்று அவரைப் பார்க்காமலே சொல்லிவிட்டு, காற்றாலேயே ஊதி உலர்த்தினாள். ரெகுலேட்டரைப் பிரித்து ரப்பரை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினாள். வட்டமாக ஒரு வெட்டு. டப்பாவிலிருந்து புது ரப்பர் போட்டு மூடினாள்.

பிறகு குழாய்த் திருப்புளியை மாட்டி உருளையைத் திறந்தாள். தோசைக்கல் மறுபடி சீறியது. இடது கட்டைவிரலால் பொத்தானை அமுக்கிக்கொண்டு வலது கையால் குமிழைத் திருப்பினாள். விட்டுக் கேட்டாள். அமுக்கினாள், திருப்பினாள், விட்டாள். சீறல் மெலிந்து, ஊசியில் நூல் நுழைகிற அளவுக்குப் போய், இல்லாமல் போனது. அத்தோடு விடவில்லை. மறுபடி லேசாகப் பின்னால் திருப்பிச் சீறலை வரவைத்து, திரும்ப நிறுத்தினாள். எங்கே நிற்கிறது என்று இரண்டு பக்கமிருந்தும் வந்து பார்த்துக்கொண்டாள்.

மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் வாளியை இழுத்தாள். உள்பக்கம் நகப்பூச்சால் கோடுகள் போட்டிருந்தன. தண்ணீரில் ரெகுலேட்டரை வாய் மேலே இருக்கும்படி பைய இறக்கினாள். சரியான அளவுக்கு அவள் போட்டிருந்த இரண்டாவது கோட்டில் தானாகக் காற்று வர ஆரம்பித்தது. லக்ஷ்மிநாராயணன் எழுந்து வந்து தன் பெட்டியிலிருந்த அளவுமானியை மாட்டிப் பார்த்தார். கொச்சியில் செய்த கருவியும் கொக்கிரகுளத்து வாளியும் ஒரே பதிலைத்தான் சொல்லின.

அவர் ரெகுலேட்டரை வாங்கித் திரும்பத் தளர்த்தினார். ஃபேனை முழுவேகத்தில் சுழலவிட்டு, மறுபடி செய்யுங்கோ என்றார். செய்தாள். முடித்துக் கொடுக்கும்போது, ஃபேன் பேரிங்கும் காய்ந்திருக்கிறது, எண்ணெய் விட வேண்டும் என்று சேர்த்துச் சொன்னாள். அவர் வாயில் வைத்து நாலு மூச்சு இழுத்தார். கண்ணை மூடி இன்னும் நாலு மூச்சு இழுத்தார்.

"எத்தனை நாளாப் பண்றேள்?"

"ஆறு வருஷமா. மத்தியானம் மட்டும்."

அவருக்கு அது புரியவில்லை. ஆனால் நடராஜ் தரையைப் பார்த்தது புரிந்தது. படிவத்தை மேஜைமேல் விரித்தார். இதில் நடராஜ் பெயர் இருக்கிறது என்றார். தன் கண் முன்னால் செய்தவர் பெயரைத்தான் தன்னால் எழுத முடியும். ஆனால் விண்ணப்பித்தவர் தானாக விட்டுக்கொடுத்தால்தான் பெயரை மாற்றலாம். இல்லாவிட்டால் தேறவில்லை என்று எழுதிக்கொண்டு போவதைத் தவிர வழியில்லை. இதையெல்லாம் அவர் இயல்பான குரலில்தான் சொன்னார். நடராஜுக்குப் பாதிதான் போய்ச் சேர்ந்தது. மீதியைப் படிவத்தின் மேல் நிற்கிற பேனாவைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

 பிரேமலதா கெஞ்சவில்லை.  வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் நடந்தாள்.

"எம் பேர அடிச்சிரும் சார்" என்றார் நடராஜ். "அவ பேரப் போடும்." பிறகு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எனக்குக் காது கேக்காது" என்றார்.

பிரேமலதா நிலைப்படியில் நின்றாள். திரும்பினாள்.

"என்னங்க சொன்னீங்க? கேக்கலையே."

கொசு பறந்தால் எந்த மூலையில் என்று சொல்லுகிறவள். அவளுக்குக் கேட்டது என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். நடராஜ் அவளை முறைத்துப் பார்த்தார். அவள் வாளியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவர் சொல்லி முடிக்கிறவரை அசைகிற உத்தேசமே இல்லாமல் நின்றாள். பிறகு அவர் உதட்டோரம் ஒருமாதிரி இழுபட்டது.

"எனக்குக் காது கேக்காதுளா" என்றார், இந்தத் தடவை வீடு அதிர. "இந்த வேலை பூராவும் நீதான் செய்யுத. போதுமா?"

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் சட்டென்று நின்றது.

லக்ஷ்மிநாராயணன் சட்டைப்பையில் ஒட்டியிருந்த குங்குமத்தைத் தட்டிவிட்டுக்கொண்டு, நடராஜ் பெயரின் மேல் ஒரு கோடு கிழித்தார். பிரேமலதா என்று எழுதினார். முன்னெழுத்து என்ன போட, அப்பா பெயரா, வீட்டுக்காரர் பெயரா என்று கேட்டார்.

பிரேமலதா வாளியைக் கீழே வைத்தாள். கணவரை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தாள்.

"சவத்த, அவிய எழுத்தையே முன்னால போடுங்க சார்" என்றாள். "அதுவும் இல்லன்னா அவிய எங்க போவாவ."